சைக்கிளில் ஒட்டிய எண் எதன் அளவு? இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கும் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய தர நிர்ணய அமைவனத்தின் அலுவலர்களுக்கும், லூதியானா முதல் அம்பத்தூர் வரை சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போய் வருபவன் நான். அதனால் சைக்கிள் வாங்க நினைக்கும் உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் கடைக்குப் போகும் முன் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு எந்த சைஸ் சரியாக இருக்கும்?" என்பதுதான். செருப்புக்கும் சட்டைக்கும் பதில் சொல்வதுபோல இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட என்னால் இதுவரை முடிந்ததில்லை. ஒரு நிறுவனத்தின் 18 இன்னொரு நிறுவனத்தின் 18 அல்ல. ஒரே நிறுவனத்தின் மீடியமும் அதன் மலைச்சைக்கிளில் ஓர் அளவாகவும் ஹைபிரிட் சைக்கிளில் வேறோர் அளவாகவும் இருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் அதிகாரமும் வசதியும் உங்களிடம் இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் தங்கை செவிலியராக இருக்கிறாள். உயரம் ஐந்து அடி. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஐந்து கிலோமீட்டர். சைக்கிளில் போகலாம் என்று அவளே முடிவெடுத்து, ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உயர அட்டவணையைப் பார்த்து மீடியம் அளவில் ஒரு ஹைபிரிட் சைக்கிளை வரவழைத்தாள். 5 அடி முதல் 5 அடி 8 அங்குலம் வரை எல்லாருக்கும் அந்த மீடியம் பொருந்தும் என்று அட்டவணை சொல்லியது. மூன்றாவது வாரத்தில் பிடரி வலிக்கத் தொடங்கியது. ஆறாவது வாரத்தில் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. ஹாண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கும்போது உடலின் பாரம் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் இறங்கி அங்குள்ள நரம்பை அழுத்துவதால் வரும் மரப்பு அது. மெக்கானிக் சீட்டை முன்னே தள்ளிப் பார்த்தார். முழங்கால் பெடலுக்கு முன்னே போனதும் மூட்டில் வலி வந்தது. ஹாண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றினார், கொஞ்சம் தேறியது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது, சீட்டுக்கு முன்னே கால்களுக்கு நடுவில் ஓடும் மேல்குழாயான பார் இடித்துவிடுமோ என்று பயந்து சைக்கிளைச் சாய்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. நான்காவது மாதம் சைக்கிள் திண்ணையில் நின்றது, அவள் பேருந்துக்குத் திரும்பினாள். பிறகு நான் வேறொரு நிறுவனத்தின் மீடியத்தை அளந்து பார்த்தேன். சீட்டிலிருந்து ஹாண்டில்பார் வரையிலான தூரம் மூன்று சென்டிமீட்டர் குறைவு. அவள் வாங்கியிருக்க வேண்டிய சைக்கிள் அதுதான். ஆனால் இரண்டின் மேலும் ஒட்டியிருந்த எழுத்து ஒன்றே.

இந்த எண்கள் ஒரு காலத்தில் பொருளோடுதான் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று அளவு சொல்வார்கள். பெடல் அச்சின் மையத்திலிருந்து, சீட்டைத் தாங்கி நிற்கும் குழாயான சீட் டியூபின் மேல் விளிம்பு வரையிலான நீளம் அது. பார் தரைக்கு இணையாக இருந்தது. சக்கரம் பெரும்பாலும் 28 அங்குலம். ஹாண்டில்பாரும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் எந்தக் கம்பெனி வண்டியானாலும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில்தான் இருக்கும். வடிவம் ஒன்றாக இருந்ததால், சீட் டியூப் நீளம் என்ற ஒரே எண்ணைச் சொன்னால் மற்ற எல்லா நீளங்களும் அதோடு சேர்ந்தே தெரிந்துவிடும். வாடகை சைக்கிள் கடையில் அரை வண்டி, முக்கால் வண்டி என்று கேட்ட சிறுவனுக்கும் தான் எதைக் கேட்கிறோம் என்பது தெரிந்திருந்தது. முழு வண்டி மட்டுமே கிடைத்த பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள். வண்டி பெரியது, ஓட்டுபவர் சிறியவர் என்பது அங்கே யாருக்கும் மறைவாக இல்லை.

பிறகு வடிவம் மாறியது. எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

போன மாதம் வீட்டுத் திண்ணையில் மூன்று சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி டேப்பை எடுத்தேன். மூன்றிலும் 18 என்றுதான் ஸ்டிக்கர் இருந்தது. முதல் சைக்கிளில் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட் டியூபின் உச்சி வரை 45.5 சென்டிமீட்டர். 18 அங்குலம் என்றால் 45.7 சென்டிமீட்டர் என்பதால் அது சரி. இரண்டாவது சைக்கிளில் அதே நீளம் பார் வந்து சேரும் இடத்தின் மையத்தோடு முடிந்துவிட்டது. சீட் டியூப் அதற்கு மேலும் வளர்ந்து 48-ஐத் தொட்டது. முதல் நிறுவனம் உச்சி வரை அளந்திருக்கிறது, இரண்டாவது நிறுவனம் மையம் வரை அளந்திருக்கிறது. இரண்டும் பழைய முறைகள்தான், இத்தாலியில் ரேஸ் சைக்கிள் செய்தவர்களிடையேகூட இந்த இரண்டு வழக்கங்களும் அருகருகே இருந்தன. மூன்றாவது சைக்கிளில் எங்கிருந்து எங்கே அளந்தாலும் 18 வரவில்லை. சரிந்து இறங்கும் பாரைக் கற்பனையில் தரைக்கு இணையாக நீட்டி, அது சீட்டுக்குக் கீழே ஏறி இறங்கும் கம்பியான சீட் போஸ்டை எங்கே தொடும் என்று கணக்கிட்டால் மட்டும் அந்த எண்ணுக்கு அருகில் வந்தது. அதாவது அந்த 18, இல்லாத ஒரு குழாயின் நீளம். வாங்குபவர் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாலும் அதைச் சரிபார்க்க வழி இல்லை.

சைக்கிளின் வகை மாறும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. ஒரே ஆள் ரோடு சைக்கிளில் 54 அல்லது 56 சென்டிமீட்டர் ஃபிரேம் ஓட்டுவார், மலைச்சைக்கிளில் 18 அங்குலம் ஓட்டுவார். 56 சென்டிமீட்டர் என்பது 22 அங்குலம். நான்கு அங்குலம் எங்கே போனது என்று புதிதாக வாங்குபவர் கேட்பது நியாயம்தான். மலைச்சைக்கிளில் கற்களும் வேர்களும் இடிக்காமல் இருக்கப் பெடல் அச்சைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கிறார்கள். திடீரென்று கீழே இறங்க நேர்ந்தால் காலுக்கு இடம் வேண்டும் என்று பாரைத் தாழ்த்துகிறார்கள். சீட் டியூபில் குறைந்த நீளத்தை நீண்ட சீட் போஸ்ட் ஈடுகட்டுகிறது. ஓட்டுபவர் உட்காரும் உயரம் பெரிதாக மாறவில்லை, அளக்கப்பட்ட குழாய்தான் குட்டையாகிவிட்டது. ஹைபிரிட் சைக்கிள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் ஒரு நிறுவனம் அதை ரோடு சைக்கிளைப் போலச் சென்டிமீட்டரிலும், இன்னொன்று மலைச்சைக்கிளைப் போல அங்குலத்திலும், மூன்றாவது எஸ், எம், எல் என்றும் குறிக்கிறது.

ரோடு சைக்கிளிலும் 1990-களின் பிற்பாதியில் இதே மாற்றம் வந்தது. மைக் பரோஸ் என்ற ஆங்கிலேயர் ஜயன்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த டி.சி.ஆர். சைக்கிளில் பார் பின்பக்கம் சரிந்து இறங்கியது. பத்துக்கு மேற்பட்ட அளவுகளில் ஃபிரேம் செய்யும் வழக்கத்தை விட்டு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று ஒரு சில அளவுகளோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை ஸ்டெம்மும் சீட் போஸ்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்றது அந்த வடிவமைப்பு. அது அறிவான வேலை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஃபிரேம் இலேசானது, கடையில் அடுக்கி வைக்க வேண்டிய சரக்கு குறைந்தது. ஆனால் சீட் டியூபின் நீளம் ஓட்டுபவரின் உடம்போடு வைத்திருந்த உறவு அதோடு முடிந்தது. ட்ரெக் நிறுவனம்கூட 2024-இல் வெளியிட்ட மடோன் ரோடு சைக்கிளில் சென்டிமீட்டர் எண்களைக் கைவிட்டு எழுத்து அளவுகளுக்கு மாறியது. ஸ்பெஷலைஸ்டு தன் மலைச்சைக்கிள்கள் சிலவற்றில் எஸ்1, எஸ்2 என்று தொடங்கும் தனி வரிசையை வைத்து, ஓட்டும் பாணியைப் பார்த்து நீளத்தைத் தேர்ந்தெடுங்கள் என்கிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான முடிவுதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் எழுத்தை வைத்து இன்னொரு நிறுவனத்தின் எழுத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஜெர்மனியின் கேன்யன் ரோடு சைக்கிளில் மீடியம் என்பது மற்ற பலருடைய 56-ஐ ஒட்டி வரும். அந்தப் பழக்கம் தெரியாமல் வாங்குகிறவர் ஒரு அளவு பெரிய வண்டியில் போய் உட்காருவார்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடி எங்கும் போக வேண்டியதில்லை. சைக்கிள் வடிவமைப்பவர்களின் மேசையில் அது ஏற்கெனவே இருக்கிறது. பெடல் அச்சின் மையத்திலிருந்து செங்குத்தாக மேலே, ஹாண்டில்பார் திரும்பும் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை உள்ள உயரத்துக்கு ஸ்டாக் என்று பெயர். அதே மையத்திலிருந்து கிடைமட்டமாக முன்னே, அதே உச்சி வரை உள்ள தூரத்துக்கு ரீச் என்று பெயர். பார் சரிந்திருந்தாலும் நேராக இருந்தாலும், சக்கரம் 26 ஆனாலும் 29 ஆனாலும், குழாய் இரும்பானாலும் கார்பன் ஆனாலும், இந்த இரண்டு அளவுகளும் பொய் சொல்வதில்லை. ஓட்டுபவரின் கால் நிற்கும் இடத்திலிருந்து கை போய்ச் சேர வேண்டிய திசையை அவை நேராகக் காட்டுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ட்ரெக் எமோண்டா என்ற ரோடு சைக்கிளில் 54 அளவு ஃபிரேமின் ஸ்டாக் 541 மில்லிமீட்டர், ரீச் 384. அதே நிறுவனத்தின் டோமேனில் 54 அளவு ஃபிரேமின் ஸ்டாக் 575, ரீச் 374. இரண்டிலும் எழுதியிருப்பது 54தான், ஆனால் டோமேனின் முன்பக்கம் 34 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. ஸ்டெம்முக்கு அடியில் வளையங்களைப் போட்டு எமோண்டாவின் ஹாண்டில்பாரை உயர்த்தினால், ஹெட் டியூப் பின்சாய்வாக இருப்பதால், ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அது பின்னே வரும். 34 மில்லிமீட்டர் உயர்த்தினால் 10 மில்லிமீட்டர் பின்னே வந்து ரீச் 374 ஆகிவிடும். அப்படியானால் இவை ஒரே உடலுக்குச் செய்த இரண்டு சைக்கிள்கள். ஒன்று குனிந்து வேகமாகப் போகிறவருக்கு, மற்றொன்று நிமிர்ந்து நெடுந்தூரம் போகிறவருக்கு. ஸ்பெஷலைஸ்டின் டார்மாக் எஸ்.எல். 7 சைக்கிளில் 54-க்கு 544, 384 என்று பார்த்ததும் அது எமோண்டாவின் பக்கத்து வீடு என்பது புரிந்துவிடும். இவ்வளவையும் நான்கைந்து எண்களை வைத்துக் கடையில் நின்றபடியே சொல்லிவிடலாம். மீடியம், மீடியம் என்று நாள் முழுக்கச் சொன்னாலும் இதில் பாதிகூடத் தெரியாது.

ஸ்டாக்கும் ரீச்சும் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அவை பெடலுக்கு முன்னே உள்ள பாதியைத்தான் அளக்கின்றன. பின்பாதியைச் சீட் டியூபின் சாய்வு தீர்மானிக்கிறது. சீட் உயரம் 70 சென்டிமீட்டராக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சாய்வு ஒரு டிகிரி மாறினால் சீட் 12 மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நகரும். சீட் எவ்வளவு தாழ இறங்கும், எவ்வளவு உயர ஏறும் என்பதும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். காலை விரித்து நிற்கும்போது பார் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது, குட்டையானவர்களுக்கும் புடவையோ வேட்டியோ கட்டி ஓட்டுபவர்களுக்கும், மற்ற எல்லா எண்களையும்விட முக்கியம். அதோடு ஒப்பிட வேண்டிய கவட்டு உயரத்தை, அதாவது தரையிலிருந்து கவடு வரை உள்ள உயரத்தை, வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே இறுக்கி உயர்த்தி, அதன் மேல் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து டேப் வைத்தால் முடிந்தது. என் தங்கைக்கு அது 69 சென்டிமீட்டர். அவள் வாங்கிய சைக்கிளின் பார் தரையிலிருந்து 74. இந்த இரண்டாவது எண் இணையதளத்தில் எங்கும் இல்லை, பெட்டியிலும் இல்லை, ஃபிரேமிலும் இல்லை.

நம் ஊர்க் கடைகளில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சைக்கிளின் அளவைக் கேட்டால் 26டி, 27.5டி, 29டி என்று பதில் வரும். அது டயரின் அளவு. டயர் சிறியதா பெரியதா என்பது ஓட்டுபவரின் உடம்போடு நேரடியாகப் பொருந்துவதில்லை. 29 சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் உண்டு, 26 சக்கரத்தில் பெரிய ஃபிரேமும் உண்டு. குழந்தைகளின் சைக்கிளுக்கு 16, 20 என்று சக்கரத்தால் அளவு சொல்வது ஓரளவு சரி. பெரியவர்களுக்கு அதையே சொல்வது, சட்டை வாங்க வந்தவரிடம் பித்தானின் அகலத்தைச் சொல்வதற்குச் சமம்.

ஆனால் அந்த டயரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. 26 x 1⅜ என்று போட்ட டயரை 26 x 1.95 என்று போட்ட ரிம்மில் ஏற்ற முடியாது. இரண்டும் 26தான், ஆனால் ஒன்று ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 590 மில்லிமீட்டர், மற்றொன்றுக்கு 559. இந்தப் பெயர்க்குழப்பத்தால் பல தலைமுறை மெக்கானிக்குகள் அல்லாடிய பிறகு, ஐ.எஸ்.ஓ. 5775 என்ற உலகத் தரம் வந்து, அகலத்தையும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் சேர்த்துப் போடு என்றது. இன்று பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் 37-622, 37-590 என்று ரப்பரிலேயே அச்சாகியிருக்கும். பழைய பெயர்களை யாரும் ஒழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு மெய்யான எண்ணைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். டயருக்குக் கிடைத்த இந்த நேர்மையை ஃபிரேமுக்கும் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அமைவனத்தை நான் கேட்பது எல்லாரும் ஒரே அளவில் சைக்கிள் செய்ய வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லி அல்ல. அளக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும். ஸ்டாக், ரீச், பாரின் நடுப்பகுதி தரையிலிருந்து நிற்கும் உயரம், சீட் இறங்கக்கூடிய குறைந்த உயரமும் ஏறக்கூடிய அதிக உயரமும் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எப்படி அளப்பது என்று ஓர் இந்தியத் தரம் வகுத்து, ஃபிரேம் எண் பொறிக்கும் இடத்துக்கு அருகில் அழியாத எழுத்தில் அவற்றை அச்சிடச் சொல்லுங்கள். பெட்டியிலும் இணையதளத்திலும் அதே எண்கள் இருக்கட்டும். சைக்கிளின் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210, பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே கால்விரல் இடிக்காமல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதுவரை எண்ணில் சொல்கிறது. இரவில் ஒளிரும் பிரதிபலிப்பான்களுக்கு நம் அரசே 2020-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, 'பா' என்ற பெயரில் இந்தியர்களுக்கென்று ஒரு காலணி அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. பாதத்தை இவ்வளவு கவனமாக அளந்த நாடு, அந்தப் பாதம் மிதிக்கும் சைக்கிளையும் அளக்கலாம்.

தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் யோசித்துப் பார்த்தேன். ஷாக் அப்சார்பர் உள்ள ஃபோர்க்கில் ஆள் ஏறியதும் முன்பக்கம் இறங்கிவிடுமே என்றால், ஆள் ஏறாத நிலையில் அளந்ததாகக் குறிப்பிட்டால் போதும். டயரை மாற்றினால் பாரின் உயரம் மாறுமே என்றால், தொழிற்சாலையில் பூட்டிய டயரோடு அளந்ததைப் போடுங்கள். செலவு ஆகும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இந்த அளவுகள் இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் ஃபிரேமை வரையவோ பற்றவைக்கவோ முடியாது. வரைபடத்தில் இருப்பதை ஸ்டிக்கரில் அச்சிடுவதுதான் மிச்சம். வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாது என்று கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். புரிய வேண்டியது அதிகம் இல்லை. தனக்குப் பொருந்திய ஒரு சைக்கிள் ஒருவரிடம் இருந்தால், அதில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த கடையில் காட்டுவார். கண்ணாடிக் கடையில் பவர் சீட்டை நீட்டுகிறவருக்கு ஒளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்தத் தரம் வரும் வரை காத்திருக்காமல், தயாரிப்பாளர்கள் தாமாகச் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் விலையுயர்ந்த சைக்கிள்களுக்கு மட்டும், ஃபிரேமின் நீளங்களையும் சாய்வுகளையும் தரும் ஜியோமெட்ரி அட்டவணையை வெளியிடுகின்றன. எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு அட்டவணையே இருப்பதில்லை, பல மாடல்களில் ஒரே ஒரு ஃபிரேம் அளவுதான் வருகிறது. அந்த விலையில் வாங்குகிறவரிடம் ஸ்டெம்மையும் சீட் போஸ்டையும் மாற்றிச் சரிசெய்யப் பணம் இருக்காது, பொருந்தாவிட்டால் இன்னொன்று வாங்கவும் முடியாது. அதனால் அவருக்குத்தான் இந்த எண்கள் முதலில் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொள்முதல் செய்யும் சைக்கிள்களுக்கும் இது பொருந்தும். பதினொன்றாம் வகுப்பில் நாலே முக்கால் அடிப் பெண்ணும் இருக்கிறாள், ஆறடிப் பையனும் இருக்கிறான். ஒப்பந்தப் புள்ளியில் சீட் உயரத்தின் எல்லைகளையும் பாரின் உயரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்தால், வாங்கியதை ஓட்ட முடியாமல் போகும் பிள்ளைகள் குறைவார்கள்.

என் தங்கையின் சைக்கிளை நான் இன்னும் விற்கவில்லை. அதன் நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, அவளுக்குப் பொருந்தக்கூடிய அளவுகளையும் அதன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போவதாக இருக்கிறோம். டேப்பையும் எடுத்துப் போவேன். அதற்கு அடுத்த முறை போகும்போது டேப் தேவைப்படாதபடி நீங்கள் செய்ய வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் ஒருவன்